சாமி காசும் படிப்புக் காசும்: ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னால சில வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிஞ்சி வந்து மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினது, பொறுமையா படிங்க. திட்டறதா இருந்தாலும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

அடுத்த மாசம் நம்ம கோயில் ஆண்டுக்கூட்டம். கும்பாபிஷேகக் கணக்கு முடிஞ்சி ஒரு தொகை மிச்சம் நிக்குதுன்னு பொருளாளர் ஐயா சொல்லியாச்சு. என்ன செய்யலாம்னு வாட்ஸ்அப் குழுவுல ஒரு வாரமா பேச்சு. மண்டபத்துக்கு ஏர்கோன், கார் நிறுத்துற இடத்துக்குக் கூரை, அன்னதானக் கூடத்துக்குப் புது மேசை. எல்லாமே நியாயமான தேவைதான், நான் எதையும் வேணாம்னு சொல்லல. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த மிச்சத்துல பத்துல ஒரு பங்கை ஒதுக்கி, நம்ம சமயத்தைப் பத்தி, முக்கியமா இந்த மலாக்கா தோட்டக் கோயில்களைப் பத்தி, பல்கலைக்கழகத்துல முறையா ஆராய்ச்சி செய்யற ஒரு பிள்ளைக்குக் கொடுக்கணும்.

போட்ட பத்தாவது நிமிஷம் ஒரு அண்ணன் கேட்டுட்டாரு: "சாமி காசை எடுத்து யாரோ பட்டம் வாங்கறதுக்கா?" நாலு பேரு கட்டைவிரல் காட்டினாங்க. கேள்வி நியாயமான கேள்வி. குழுவுல ரெண்டு வரியில பதில் சொல்ல முடியல, அதனாலதான் இங்க எழுதறேன்.

முதல்ல, இந்த மாதிரி காரியத்துக்கு உலகத்துல யாரெல்லாம் காசு கொடுக்கறாங்கன்னு பாருங்க. அமெரிக்காவுல 'டைம்' பத்திரிகையை ஆரம்பிச்சவரு ஹென்றி லூஸ். அவரோட அப்பா அம்மா சீனாவுக்குப் போன கிறிஸ்தவ மிஷனரிங்க, இவரு பிறந்ததே சீனாவுலதான். அவங்க நினைவா 1936-ல ஒரு அறக்கட்டளை வச்சாரு. அந்த அறக்கட்டளை 2005-ல தனியா ஒரு திட்டம் தொடங்கிச்சு. அதுக்குப் பேரே 'சமயமும் அனைத்துலக விவகாரமும்'. பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, நாடுகளுக்கு நடுவுல நடக்கற விஷயங்கள்ல சமயம் எப்படி வேலை செய்யுதுன்னு படிக்க வச்சாங்க. அதே 2005 கடைசியில சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் ஹார்வர்டுக்கு 2 கோடி டாலர், ஜார்ஜ்டவுனுக்கு 2 கோடி டாலர் கொடுத்தாரு, இஸ்லாமைப் பத்தியும், முஸ்லிம் கிறிஸ்தவர் உறவைப் பத்தியும் படிக்கறதுக்கு. ஜார்ஜ்டவுன்ல அந்த மையம் இன்னைக்கும் அவரு பேருலதான் இருக்கு.

ஏன் இவ்வளவு செலவு பண்றாங்க? புண்ணியத்துக்காக மட்டும் இல்ல. 1979-ல ஈரான்ல மன்னரைத் தூக்கிட்டு ஒரு சமயத் தலைவர் ஆட்சிக்கு வந்தப்போ, வாஷிங்டன்ல உட்கார்ந்திருந்த பெரிய பெரிய நிபுணருங்க அதை எதிர்பார்க்கல. எண்ணெய் தெரியும், பீரங்கி தெரியும், பள்ளிவாசல்ல என்ன பேசறாங்கன்னு தெரியாது. 2001 செப்டம்பருக்கு அப்புறம் இன்னும் தெளிவாயிடுச்சு. அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த ஜான் கெர்ரி 2013-ல, தான் இப்போ திரும்பக் கல்லூரிக்குப் போனா சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கற பாடத்தைத்தான் எடுப்பேன்னு சொன்னாரு. ஒரு நாட்டோட வெளியுறவு அமைச்சரே அப்படிச் சொல்றாருன்னா, அந்தப் படிப்பு பட்டத்தை சட்டம் போட்டு சுவத்துல மாட்டறதுக்கு மட்டும் இல்லைன்னு புரியுதா?

சரி, அது அமெரிக்கா. பக்கத்துல வருவோம். சிங்கப்பூர்ல ராஜரத்தினம் பேருல ஒரு அனைத்துலக ஆய்வுப் பள்ளி இருக்கு. அங்க 2014-லேருந்து பல சமயத்தார் சேர்ந்து வாழற சமுதாயத்தைப் பத்தி ஆராய தனிப் பிரிவே நடக்குது. நம்ம நாட்டுல மலாயாப் பல்கலைக்கழகத்துல 1996-ல நாகரிகங்களுக்கு இடையிலான கலந்துரையாடல் மையம் வந்துச்சு. அதுக்கு வித்து 1995-ல நடந்த கருத்தரங்கு. தலைப்பு 'இஸ்லாமும் கன்பூசியசமும்'. நல்ல முயற்சி, குறை சொல்லல. அந்த மையம் பின்னால மத்த சமயங்களையும் சேர்த்துத்தான் பேசிச்சு. ஆனா முதல் பந்தியில நம்ம இலை இல்ல. ஏன்னு யோசிச்சா, அவங்க மறந்தாங்கங்கறதை விட, நம்ம பக்கத்துலேருந்து கேட்டு நிக்க ஆளு எத்தனை பேரு இருந்தாங்கங்கறதுதான் எனக்குக் கேள்வியா தெரியுது.

இப்போ நம்ம வாசலுக்கு வர்றேன்.

1998-ல அமெரிக்கா அனைத்துலக சமயச் சுதந்திரச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுப்படி வருஷா வருஷம் ஒவ்வொரு நாட்டைப் பத்தியும் ஒரு அறிக்கை வருது. மலேசியாவுக்கும் உண்டு. அதுல நம்ம கோயில்களைப் பத்தி, மதமாற்ற வழக்குகளைப் பத்தி எல்லாம் எழுதறாங்க. படிக்கறவங்க தூதரக அதிகாரிங்க, பத்திரிகைக்காரங்க, முதலீட்டாளருங்க. அதை எழுதறவரு ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள்ள வந்து பாத்திருப்பாரா? அவருக்கு நம்ம கோயிலைப் பத்தி எங்கேருந்து தெரியும்? செய்தித்தாள்லேருந்து தெரியும். செய்தி எப்போ வரும்? கோயில் இடிபடும்போது வரும்.

2018 நவம்பர்ல சீஃபீல்ட் மாரியம்மன் கோயில் விவகாரம் ஞாபகம் இருக்கும். ஒரு தீயணைப்பு வீரர் உயிரே போச்சு, அதை நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது. 2025 மார்ச்சுல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விஷயம் உலகச் செய்தி ஆச்சு. 130 வருஷப் பழமைன்னு நம்ம பக்கம் சொன்னோம். எதிர்ப் பக்கம் கேட்டது என்ன? நிலம் யார் பேருல, யார் அனுமதி கொடுத்தா, பத்திரம் எங்க. ரெண்டு பக்கமும் சமூக ஊடகத்துல கத்தினாங்க. நிதானமா "இந்த மாதிரிக் கோயில் எப்படி உருவாச்சு, வெள்ளைக்காரன் காலத்துல யாரு எப்படி இடம் கொடுத்தா, அப்போ ஏன் காகிதம் போடல, பின்னால நிலம் எப்படிக் கை மாறிச்சு"ன்னு எடுத்துச் சொல்ல, ரெண்டு பக்கமும் மதிக்கற ஆராய்ச்சியாளர் குரல் எனக்குக் காதுல விழல. இருந்திருக்கலாம், சத்தத்துல அமுங்கிப் போயிருக்கும்.

நான் ஃபேக்டரியில சூப்பர்வைசர். முப்பது வருஷமா ஆடிட்டருங்களைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஐஎஸ்ஓ ஆடிட் வந்தா ஒரே கேள்விதான்: "ரெக்கார்டு எங்க?" நாம ராத்திரி பகலா உழைச்சி ஒரு குறை இல்லாம சாமான் அனுப்பியிருப்போம். ஃபாரத்துல கையெழுத்து இல்லைன்னா அந்த வேலை நடக்கவே இல்லைன்னுதான் அவன் எழுதுவான். கோபம் வரும். ஆனா அவன் மேல தப்பு இல்ல, அவனுக்கு நம்மளைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும். உலகம் நம்ம சமயத்தைப் பாக்கறதும் அப்படித்தான்.

நான் பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. எங்க லயத்துக்குப் பின்னால மாரியம்மன், ஆத்துக்குப் போற வழியில முனியாண்டி, மதுரை வீரன் தனியா ஒரு மரத்தடியில. எங்கப்பா பால்மரம் சீவினவரு, அவரு காலத்துல சம்பள நாள் அன்னைக்கே திருவிழாக் காசு எடுத்து வச்சிடுவாங்க. யாரு எவ்வளவு கொடுத்தாங்கன்னு கணக்கப்பிள்ளை ஒரு நீட்டு நோட்டுல எழுதுவாரு. பெரிய கங்காணி காலத்துலேருந்து வந்த நோட்டெல்லாம் ஒரு தகரப் பெட்டியில இருந்திச்சு. அப்புறம் ரப்பர் போச்சு, செம்பனை வந்துச்சு, தோட்டம் கைமாறிச்சு, சனங்க எல்லாம் தாமானுக்கு வந்துட்டோம். பெட்டி கரையான் அரிச்சிப் போச்சு. அந்த ஒரு பெட்டியில எவ்வளவு இருந்திருக்கும் யோசிச்சிப் பாருங்க. எந்த ஊர்லேருந்து வந்தவங்க, எந்த வருஷம் தேர் செஞ்சாங்க, தோட்டத்துத் துரை எவ்வளவு போட்டாரு, சீன மளிகைக் கடைக்காரர் எவ்வளவு போட்டாரு, ஏன் மலாய்க்கார டிரைவர் பேரு கூட இருக்கும். ஒரு பிஎச்டி படிக்கற பிள்ளை கையில அது கிடைச்சிருந்தா, நல்லிணக்கம்னு நாம மேடையில பேசறதுக்கு எழுத்துல ஆதாரம் இருந்திருக்கும்.

மலாக்காவைப் போல ஊரு எங்க இருக்கு சொல்லுங்க. ஜாலான் துக்காங் ஈமாஸ்ல பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில், 1781-ல கட்டினது, டச்சுக்காரங்க தைவநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்துல. அதே வீதியில கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளினா சீனருங்க செங் ஹூன் தெங் கோயில். 2008-ல யுனெஸ்கோ உலக மரபு நகரம்னு அறிவிச்சப்போ இந்த வீதியையும் சேர்த்துத்தான் பெருமைப்பட்டோம். சுற்றுப்பயணிங்க மூணு சக்கர வண்டியில வந்து படம் எடுத்துட்டுப் போறாங்க. ஆனா காஜா பெராங்ல இருக்கற மலாக்கா செட்டி மக்களைப் பத்தி, தமிழ் பேச்சு போயும் சிவ வழிபாட்டை விடாத அந்த மக்களைப் பத்தி, 2018-ல ஒரு பெரிய கண்காட்சி நடந்துச்சே, எங்க நடந்துச்சு தெரியுமா? சிங்கப்பூர்ல, இந்திய மரபுடைமை நிலையத்துல. நம்ம ஊரு சனங்க கதையைப் பாக்க எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்துச்சு. சிங்கப்பூர்க்காரங்களைக் குத்தம் சொல்லல. அவங்க காசு போட்டாங்க, ஆளு வச்சாங்க, செஞ்சாங்க.

இங்க ஒரு அன்பர் கேட்பாரு, "நாம ஏழை சனங்க, இதெல்லாம் பணக்காரன் வேலை"ன்னு. அப்படி இல்லைங்க. இந்த நாட்டுலயே ஏழை சனங்க இதைச் செஞ்சி காட்டியிருக்காங்க. நம்ம தாத்தா பாட்டிங்கதான் செஞ்சாங்க.

1950-கள்ல, மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ல இருந்த காலம். இந்தியவியல் பகுதி ஒண்ணு தொடங்கணும்னு பேச்சு வந்துச்சு. அங்க முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கான்னு பெரிய வாதம். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி சும்மா தலையங்கம் எழுதிட்டு நிக்கல. 'தமிழ் எங்கள் உயிர்'னு ஒரு நிதி தொடங்கினாரு. சிங்கப்பூர்லயும் மலாயாவுலயும் துறைமுகத் தொழிலாளி, தோட்டத்துப் பாட்டாளி, கடைச் சிப்பந்தின்னு சாதாரண சனங்க கொடுத்தாங்க. பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூலகம் வேணும்னு கொடுத்த காசு அது. 1956-ல இந்தியவியல் பகுதி வந்துச்சு, பின்னால கோலாலம்பூருக்கு மாறிச்சு, இன்னைக்கும் நடக்குது. கொடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பல்கலைக்கழக வாசல்படியை மிதிச்சதே இல்ல. அவங்க பிள்ளைங்களும் மிதிச்சிருக்க மாட்டாங்க. ஆனாலும் கொடுத்தாங்க. சாரங்கபாணி பக்திமான் கூட இல்ல, சீர்திருத்தக்காரர், பெரியார் வழி வந்தவரு. நாம அவரோட எல்லாக் கருத்தையும் ஏத்துக்கணும்னு இல்ல. வசூல் பண்ணிக் காட்டினாரே, அதைப் பாருங்க.

இன்னொரு விசேஷம் கேளுங்க. அந்த இந்தியவியல் பகுதிக்கு 1961-ல தலைவரா வந்தவரு யாரு? தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத் தமிழர், கத்தோலிக்கப் பாதிரியார். 1964-ல டெல்லியில உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கினதுல முன்னால நின்னவரு. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரல்ல கோலாலம்பூர்லதான் நடந்துச்சு, சென்னையில இல்ல, மதுரையில இல்ல. அதுக்கும் அவருதான் ஓடி ஆடி வேலை செஞ்சாரு.

மார்கழியில நாம காலையில எழுந்து திருவெம்பாவை பாடறோம் இல்லையா? தாய்லாந்துல அரண்மனைப் பிராமணருங்க வருஷா வருஷம் ஒரு சடங்கு செய்யறாங்க, பேரு 'த்ரியம்பவாய் த்ரிபவாய்'. கேட்டதும் தெரியுதா? திருவெம்பாவை, திருப்பாவை. அர்த்தம் மறந்து போச்சு, எழுத்து கூட வேற எழுத்து, ஆனா ஓதறாங்க. தென்கிழக்காசியாவுல தமிழோட தடம் எங்கெங்க இருக்குன்னு எடுத்துச் சொன்னவங்கள்ல தனிநாயகம் அடிகளும் ஒருத்தர். ஒரு பாதிரியார் வந்து நம்ம மாணிக்கவாசகர் சயாம் ராஜா வீட்டுல ஒலிக்கறாருன்னு உலகத்துக்குச் சொன்னாரு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு உட்கார நாற்காலியும் படிக்கப் புத்தகமும் கிடைச்சதுல தோட்டத்துச் சனங்க காசும் சேர்ந்திருக்கு. சாமி காரியம் இல்லைன்னு இதைச் சொல்ல முடியுமா?

இப்போ கஷ்டமான கேள்விக்கு வர்றேன். குழுவுல ஒரு தம்பி தனியா எனக்கு எழுதினாரு: "அண்ணே, காசு நாம கொடுத்து, அவன் நம்மளையே குறையா எழுதிட்டா? சாதி, குண்டர் கும்பல், ஆடு கோழி பலின்னு எழுதினா என்ன செய்யறது? நம்ம சமயத்தை மதிக்கறவனுக்குத்தான் கொடுக்கணும்னு கண்டிஷன் போடணும்."

தம்பி பயப்படறது எனக்குப் புரியுது. ஆனா அந்தக் கண்டிஷன் போட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட இர்வைன் வளாகத்துக்கு, தர்ம நாகரிக அறக்கட்டளைன்னு ஒரு இந்து அமைப்பு ரெண்டு பேராசிரியர் இருக்கைக்குப் பணம் கொடுக்க முன்வந்துச்சு. ஒரு இருக்கைக்கு 15 லட்சம் டாலர். பல்கலைக்கழகம் முதல்ல சரின்னுச்சு. அப்புறம் அங்க இருக்கற பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தாங்க. எப்படிப்பட்ட ஆளு வரணும், எந்த நோக்குல பாடம் இருக்கணும்னு கொடுக்கறவங்க கை நீளுதுன்னு சொன்னாங்க. 2016 பிப்ரவரியில, விசாரிச்ச குழு அந்தப் பணத்தை ஏத்துக்க வேணாம்னு சொல்லிடுச்சு. கொடுக்க நினைச்சவங்க பக்கமும் வருத்தம் இருக்கும், வெளிநாட்டுல நம்ம சமயத்தைக் கேலியா எழுதறாங்கங்கற கோபம் பொய் இல்ல. ஆனா கடைசியில என்ன ஆச்சு? அந்தக் காசால அங்க ஒரு இந்து சமய இருக்கை வரல.

ஹார்வர்டு தமிழ் இருக்கை வேற மாதிரி. டாக்டர் ஜானகிராமன், டாக்டர் சம்பந்தம் ரெண்டு பேரும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினாங்க. மொத்தம் 60 லட்சம் டாலர் வேணும். உலகம் பூரா தமிழருங்க கொடுத்தாங்க, தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்துச்சு, 2018-ல சேர்ந்துடுச்சு. யாரை உட்கார வைக்கணுங்கறதை பல்கலைக்கழகம்தான் முடிவு செஞ்சது. வந்தது மார்த்தா ஆன் செல்பி அம்மா, சங்க இலக்கியம் மொழிபெயர்த்தவங்க, தமிழர் இல்ல. நம்ம ஆளுங்க சில பேருக்கு முகம் சுருங்கிச்சு. எனக்கு அதுல வருத்தம் இல்ல. என் வருத்தம் வேற: ஹார்வர்டு ஏற்கெனவே பல ஆயிரம் கோடி டாலர் வச்சிருக்கற பல்கலைக்கழகம். அங்க கொடுத்தா பேரு கிடைக்கும், சரி. ஆனா நம்ம தாத்தாங்க காசு போட்ட இந்தியவியல் பகுதி கோலாலம்பூர்ல இருக்கு, பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். அங்க ஒரு பிள்ளை மாஸ்டர் படிக்க மாசம் வீட்டு வாடகைக்கு அல்லாடுது. நாம ஏன் கடல் தாண்டிப் பாக்கணும்?

அதனால கண்டிஷன் போடறதுல நான் தெளிவா இருக்கேன். தலைப்பு நாம சொல்லலாம், முடிவை நாம சொல்லக் கூடாது. மலாக்கா, தோட்டக் கோயில், திருவிழா, மத்த சமயத்தாரோட உறவு, இது மாதிரி வட்டத்துக்குள்ள இருக்கணும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை என்ன கண்டுபிடிச்சாலும் எழுதட்டும். சாதி பாத்து தனித்தனியா பூசை நடந்த தோட்டம் உண்டா இல்லையா? உண்டு. நமக்கே தெரியும். அதை நம்ம பிள்ளை அனுதாபத்தோட எழுதறதுக்கும், எவனோ கூகுள்ல தேடி எழுதறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நல்லதை மட்டும் எழுதின புத்தகத்தை வெளியில ஒருத்தனும் நம்ப மாட்டான். குறையே இல்லாத இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பாத்தா எனக்கே சந்தேகம் வரும்.

வெளிநாட்டுப் பணம் பத்தியும் ஒரு வார்த்தை. "இந்தியாவுல அந்த அமைப்பைக் கேட்டா கொடுப்பாங்க, இந்தக் கட்சிக்காரரைக் கேட்டா கொடுப்பாரு"ன்னு ரெண்டு பேரு சொன்னாங்க. வேணாம். கொடுக்கறவன் கேள்வியையும் சேர்த்துக் கொடுப்பான். அமெரிக்காக்காரன் கொடுத்தா அவன் நாட்டுக்கு எது தெரியணுமோ அதைக் கேட்பான். சவூதி கொடுத்தா அவங்களுக்கு வேண்டியதைக் கேட்பாங்க. இந்தியாவுலேருந்து வந்தா அங்கத்து அரசியல் சண்டையும் கூட வரும், அது நம்ம பக்கத்து வீட்டு மலாய்க்காரரோட நாம பேசற பேச்சைக் கெடுக்கும். நமக்கு என்ன தெரியணும்? மண்ணு தோண்டினப்போ முனியாண்டி கல்லை யாரு நகர்த்தினா, பள்ளிவாசல் இமாம் ஏன் வந்து சமாதானம் பேசினாரு, செங் சன்னாசிமலையில மாசி மகத்துக்கு சீனருங்க ஏன் காவடி எடுக்கறாங்க, இதெல்லாம். இதைக் கேட்கற காசு நம்ம உண்டியல்ல மட்டும்தான் இருக்கு.

சின்னத் தொகையில என்ன ஆகும்னு கேட்கறவங்களுக்கு: நாம பேராசிரியர் இருக்கை வைக்கப் போறது இல்ல. ஒரு பிள்ளைக்கு ரெண்டு வருஷம், பயணச் செலவு, சாப்பாடு, பழைய காகிதங்களைப் படம் எடுக்க ஒரு ஸ்கேனர், அவ்வளவுதான். பினாங்குல இந்து அறப்பணி வாரியம் வருஷா வருஷம் பிள்ளைங்க படிப்புக்கு உதவி செய்யுது, நமக்கு அந்த மாதிரி வாரியம் இல்ல, ஆனா கோயில் இருக்கு. ஸ்ரீ முருகன் நிலையம் 1982-லேருந்து பிள்ளைங்களுக்கு டியூஷன் நடத்தி எத்தனை பேரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச்சு. அப்பவும் "கோயில்ல எதுக்குக் கணக்குப் பாடம்"னு கேட்டவங்க இருந்திருப்பாங்க.

நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு குடும்பத்துப் பிள்ளை, பேரு சொல்ல மாட்டேன், அனைத்துலக உறவு படிச்சி முடிச்சிருக்கு. தோட்டக் கோயில் நில விவகாரத்தைப் பத்தி மேல்படிப்பு செய்யணும்னு ஆசை. உபகாரச் சம்பளம் கேட்டு ஒரு இடத்துல எழுதினப்போ "இந்தத் தலைப்பு வேணாம், வேற எடு"ன்னு சொல்லிட்டாங்களாம். இப்போ மலாக்கா ராயாவுல ஒரு ஹோட்டல் கவுண்டர்ல நிக்குது. அது போன வாரம் என்கிட்ட கேட்டுச்சு, "அங்கிள், நம்ம கோயில் எப்போ பதிவு ஆச்சு, அதுக்கு முன்னாடி எங்க இருந்திச்சு, அந்தக் காகிதம் பாக்கலாமா?" நான் செயலாளரைக் கேட்டேன். அவரு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாரு. உள்ள 1970-கள் ரசீது கொஞ்சம், ஒரு பழைய நன்கொடைப் பட்டியல், தண்ணி பட்டு ஒட்டிக்கிட்ட மூணு போட்டோ. நம்ம கோயிலோட மொத்தச் சரித்திரமும் அந்தப் பையில.

சரி, நடைமுறை. நம்ம கோயில் சட்டவிதியில நோக்கங்கள் பகுதியில 'சமயக் கல்வி' இருக்கு, நான் படிச்சிப் பாத்தேன். சங்கப் பதிவிலாகாவுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லைன்னு செயலாளரும் சொல்றாரு. அதனால தீர்மானம் கொடுத்திருக்கேன்: மிச்சத்துல பத்துல ஒரு பங்கு, தனி வங்கிக் கணக்கு, மூணு பேரு கையெழுத்து, மூணு பேர்ல ஒருத்தர் கமிட்டிக்கு வெளியில இருக்கற தமிழாசிரியரா இருக்கணும், வருஷா வருஷம் கணக்கு அறிவிப்புப் பலகையில ஒட்டணும். பிள்ளையைத் தேர்ந்தெடுக்கறது பல்கலைக்கழகத்துல இருக்கற மேற்பார்வையாளரோட கலந்து. கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளைங்க விண்ணப்பம் செய்ய முடியாது, என் வீட்டுலயும் சேர்த்துத்தான். எழுதி முடிச்சதும் தமிழ்ல ஒண்ணு, மலாய்ல ஒண்ணுன்னு சின்னப் புத்தகமா போட்டு, கோயில்ல வச்சிக்கறோம், மாநில நூலகத்துக்கும் கொடுக்கறோம். மலாய்ல கட்டாயம் வேணும். நம்மளைப் பத்தித் தெரிஞ்சிக்க வேண்டியவங்கள்ல பாதிப் பேரு தமிழ் படிக்க மாட்டாங்க.

ஏர்கோனுக்கு மீதி ஒன்பது பங்கு இருக்கு, அண்ணன்மாருங்க கோச்சிக்க வேணாம்.

இன்னொரு வேண்டுகோள், இதுக்கு ஓட்டு எல்லாம் தேவை இல்ல. வீட்டுல பழைய தோட்டத்துத் திருவிழா நோட்டீஸ், ரசீது, செக்ரோல் துண்டு, போட்டோ எது இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வாங்க. நான் ஏழரைக்கெல்லாம் செருப்பு வைக்கற இடத்துக்குப் பக்கத்து மேசையில இருப்பேன். போன்ல படம் எடுத்துட்டு உடனே திருப்பிக் கொடுத்துடுவேன். பின்னால எந்தத் தோட்டம், எந்த வருஷம், போட்டோவுல இருக்கறது யாருன்னு பென்சில்ல எழுதிக் கொண்டு வந்தா இன்னும் நல்லது. வயசான பாட்டி தாத்தா யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க, அவங்க சொல்றதைப் பதிவு பண்ண அந்தப் பிள்ளை வர்றேன்னு சொல்லியிருக்கு. பொங்கல், சுண்டல் வழக்கம்போல உண்டு.